யாபேஸ் கல்லை நகர்த்தவில்லை



நம்முடைய உபவாச ஜெபங்களில் யாபேஸின் ஜெபத்தை அறியாதவர்கள் இல்லை. 1 நாளாகமம் 4:10-ஐ வைத்து எத்தனை வீடுகளில் ஜெபித்திருப்போம்! மனை வாங்க ஜெபம், மாடி எடுக்க ஜெபம், கடையை அகலமாக்க ஜெபம். கர்த்தரும் கேட்கிறார். அல்லேலூயா! ஆனால் அந்த வசனத்தை இன்னொரு தடவை நிதானமா வாசிச்சுப் பாருங்க. எல்லை பெரிதாக வேண்டும் என்று யாபேஸ் தேவனிடத்தில் கேட்டான். ராத்திரியில் எழுந்துபோய் பக்கத்து நிலத்துக்காரனுடைய கல்லை ஒரு சாண் தள்ளி வைத்தான் என்று அங்கே எழுதவில்லை.

இஸ்ரவேலர் யோர்தானைக் கடக்கும் முன்னமே கர்த்தர் கல்லைக் குறித்துப் பேசிவிட்டார் (உபாகமம் 19:14). அக்கரையில் இன்னும் ஒரு நிலம் கூட பங்கிடப்படவில்லை, அதற்குள் கட்டளை வந்துவிட்டது! பிறகு 27-ஆம் அதிகாரத்தில் லேவியர் உரத்த சத்தமாய்ச் சொல்ல வேண்டிய சாபங்கள் வருகின்றன. வரிசையைக் கவனியுங்கள். முதலாவது விக்கிரகம். அடுத்தது தாய் தகப்பனை அவமதிக்கிறவன். மூன்றாவது, பிறனுடைய எல்லையை ஒதுக்குகிறவன். விக்கிரகம் என்றால் நாம் காத தூரம் ஓடுகிறோம். அதற்கு இரண்டு வசனம் தள்ளி இருக்கிற பாவத்தில் சிமெண்ட் போட்டுப் பூசி, வெள்ளையடித்து, மேலே வசனமும் எழுதி வைக்கிறோம்.

வேதத்தில் வரும் கேசேர் பட்டணத்தை அறிவீர்கள். 1874-ஆம் வருஷம் கிளெர்மோன் கன்னோ என்கிற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அந்த இடத்தைச் சுற்றிலும் பாறைகளில் எழுத்துகள் வெட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். 'கேசேரின் எல்லை' என்று எபிரெய எழுத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குப்பின் கிடைத்தவற்றையும் சேர்த்தால் பத்துக்கு மேல் இருக்கும். ஏன் பாறையில் வெட்டினார்கள்? நட்ட கல் நகரும், பாறை நகராது. எனக்கு அதிலே மனுஷ இருதயம்தான் தெரிகிறது.

இப்போது என் காரியத்தைச் சொல்லுகிறேன். வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் ஜெபவீட்டை 2008-இல் கட்டினோம். காணிக்கையிலும் கண்ணீரிலும் எழும்பின இடம். சகோதரிகள் மண் சுமந்தார்கள். வடக்குச் சுவருக்கு வானம் தோண்டும்போது கொத்தனார் என்னைக் கூப்பிட்டு, "ஐயா, சுவரு நம்ம கல்லுக்கு உள்ளதான் நிக்கும். ஆனா அடியில அஸ்திவாரம் அகலமா வரும், கொஞ்சம் அந்தப் பக்கம் போகும். காலி மனைதானே, பரவாயில்லையா?" என்று கேட்டார். பக்கத்தில் ஒரு தாயாருடைய வீடும், ஒட்டினாற்போல் அவர்களுடைய வெற்றிடமும் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கர்த்தருடைய வேலை, நடக்கட்டும்" என்றேன். அந்தத் தாயாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்து வருஷம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பிரசங்கித்தேன். மேலே ஷீட்டும் ஒன்றரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீர் எல்லாம் அவர்கள் மண்ணில்.

2018-இல் அந்தத் தாயாரின் மகன் வீடு கட்ட ஆரம்பித்தார். பில்லருக்குக் குழி எடுத்தபோது கடப்பாரை எங்கள் கருங்கல்லில் போய் இடித்தது. சர்வேயரை வைத்து அளந்தார்கள். 30 அடி நீளத்துக்கு 9 அங்குலம். மொத்தம் 22½ சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, அதில் ஏறக்குறைய பத்தொன்பதில் ஒரு பங்கு. இவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கமிட்டி கூடினது. நல்ல ஜெபிக்கிற ஒரு சகோதரன், சட்டம் தெரிந்தவர், மெதுவாய்ச் சொன்னார்: "பாஸ்டர், பத்து வருஷம் ஆயிட்டு. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டினா பன்னிரண்டு. அப்புறம் நம்ம அனுபவம்னு சொல்லிரலாம்." 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தில் பன்னிரண்டு வருஷக் கணக்கு இருக்கிறது, மெய்தான். மண்ணுக்குள் மறைத்து வைத்ததற்கு அது செல்லுமா என்பதை வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். நீதிமொழிகள் 22:28-ஐ எடுத்தால் கணக்கு நேர்மாறாய் இருக்கிறது. அங்கே கல் எவ்வளவுக்குப் பழசோ அவ்வளவுக்கு அதைத் தொடக்கூடாது.

நான் ஒரு பழப்பொட்டலத்தோடு அந்தத் தாயாரைப் பார்க்கப் போனேன். அவர்கள் நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. "அம்மா, தெரியாம நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தேன். அந்த வார்த்தையே பொய். அவர்கள் சொன்னார்கள்: "எனக்கு அன்னைக்கே தெரியும் ஐயா. குழி வெட்டும்போது திண்ணையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சாமி கும்பிடுறவங்க, கேப்பாங்கன்னு இருந்தேன்."

பிரியமானவர்களே, பத்து வருஷம் என் பிரசங்கம் ஸ்பீக்கரில் அந்தத் திண்ணைக்குக் கேட்டிருக்கிறது! (ஸ்பீக்கரும் எல்லை தாண்டும். அதை இன்னொரு மாதம் பேசுவோம்.) அந்தத் தாயாருக்குச் சுவிசேஷம் சொல்ல நான் ஒரு நாளும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

மகன் நல்லவர். "விடுங்க பாஸ்டர், நான் பில்லரை உள்ளே தள்ளிக்கிடுறேன்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை, கர்த்தர் வழியைத் திறந்தார் என்று சாட்சி சொல்ல ஆயத்தமாகவே இருந்தேன். அன்றைக்குக் காலையில் லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் என்னைப் பிடித்துக்கொண்டது. அநியாயமாய் எடுத்ததைத் திரும்பக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தபின்தான் குற்றநிவாரணபலி. பலி பிறகு, பாக்கி முதலில்! மத்தேயு 5-இல் ஆண்டவரும் காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலாவது போய் சகோதரனோடே ஒப்புரவாகச் சொன்னார். எங்கள் காரியத்திலோ பலிபீடமே அடுத்தவர் மண்ணில் நின்றது.

கல்லை மட்டும் உடைத்து எடுக்கலாமா என்று கேட்டோம். சுவர் இறங்கிவிடும் என்றார்கள். ஆகவே வடக்குச் சுவரையே இடித்தோம். அடியிலிருந்த கருங்கல்லைப் பெயர்த்து, குழியை நிரப்பி, இரண்டு அடி உள்ளே தள்ளிப் புதிதாகக் கட்டினோம். ஷீட்டைக் குறைத்து, தண்ணீர் நம் பக்கமே விழும்படி தாரை வைத்தோம். எல்லை பெரிதாகும்படி ஜெபித்த சபையின் ஹால் 60 சதுர அடி சிறுத்துப்போனது. இரண்டு குடும்பங்கள் வருத்தப்பட்டு வேறு சபைக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிந்தி வருகிறவர்கள் இன்றைக்கும் பந்தலில்தான் உட்காருகிறார்கள். ஈசாக்கு இரண்டு துரவுகளை விட்டு விலகிப்போன பிறகுதான் ரெகொபோத் வந்தது (ஆதியாகமம் 26). எங்களுக்கு இன்னும் வரவில்லை. காத்திருக்கிறோம்.

அந்தத் தாயார் ஆராதனைக்கு வந்தார்களா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை, வரவில்லை. ஆனால் இப்போது நான் அந்த வழியாய்ப் போகும்போது அவர்கள் திண்ணையில் ஒரு நிமிஷம் உட்காருகிறேன். முன்னே தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

வீடு கட்ட ஆரம்பிக்கிறவர்கள் அஸ்திவார ஜெபத்துக்கு என்னைக் கூப்பிடுகிறீர்கள், சந்தோஷமாய் வருவேன். வரும்போது இரண்டு காரியம் கேட்பேன். சர்வேயர் அளந்த கல் எங்கே? பக்கத்து வீட்டுக்காரர் எங்கே? அவர் எந்த மார்க்கத்தாராயிருந்தாலும் சரி, நூல் பிடிக்கிற நேரத்தில் அவரும் நிற்கட்டும். சுவரின் அகலத்தை அல்ல, அடியில் வரும் அஸ்திவாரத்தின் அகலத்தைக் கொத்தனார் அவருக்குக் கம்பு வைத்துக் காட்டட்டும். அவர் சரி என்று சொன்னபின் ஜெபத்தை ஆரம்பிப்போம்.

ஆண்டவருடைய பணியில்,
உங்கள் சகோதரன்