மிச்சத் தோட்டாவை ஓடைப்பக்கம் சுட்டுத் தீர்க்காதீர்கள்

கூலிம், பாடாங் செராய், பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்காக உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் அண்ணன்மாரே, உங்களிடம்தான் பேசுகிறேன். அலமாரியில் பழைய ஈயத் தோட்டா மிச்சம் கிடக்கிறது. விடுமுறையில் தம்பிமாரைக் கூட்டிப்போய், தட்டை வீசி எறியச் சொல்லி, சுட்டுத் தீர்த்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். உரிமம் எதற்குக் கொடுத்தார்களோ அதற்கு மட்டும்தான் துப்பாக்கி.

ஒலிம்பிக் முறைக் களிமண் தட்டுச் சுடும் போட்டியில் ஒரு தோட்டாவுக்கு 24 கிராம் ஈயம்தான் உச்ச அளவு. அதிலேயே ஏறக்குறைய 300 ரவை இருக்கும். 25 தட்டுக்குத் தலா ஒரு தோட்டா போட்டாலும் 600 கிராம் ஈயம் மண்ணுக்குப் போகிறது. 1998 காமன்வெல்த் போட்டிக்கு நம் லங்காவியில் இருந்ததுபோல் அதற்கென்றே கட்டிய சுடுதளத்தில் ரவை விழும் இடம் தெரியும். திரட்டி எடுக்கவும் முடியும். லயத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் யார் அள்ளுவார்கள்?

ரப்பரும் செம்பனையும் நிற்கும் நம் மண் புளிப்பு மண். மழையும் ஓயாது. அந்த ஈரத்தில் ஈயம் மெல்ல மெல்லக் கரையும். வாத்துக்கு இரை அரைக்கச் சிறுகல் வேண்டும். ரவையையும் கல் என்றே விழுங்கும். இரைப்பை அதை அரைத்துக் கரைக்க, ஓரிரு ரவையே ஒரு வாத்தைக் கொன்றுவிடலாம். மூடா நெல்வயலில் மேயும் பறவைக்கும் இதே கதிதான், உங்கள் வீட்டு வாத்துக்கும் இதே கதிதான்.

இதைவிட எனக்குப் பயம் அடுப்படியில். ரவையை உருக்கித் தூண்டில் ஈயம் வார்ப்பது சுலபம், 327 டிகிரியில் உருகிவிடும். ஆனால் அந்தப் புகையும் தூசியும் சட்டியிலும் தரையிலும் உங்கள் சட்டையிலும் படியும். தவழும் பிள்ளை கையை வாயில் வைக்கும். பெரியவர் உடம்பைவிடப் பிள்ளை உடம்பு ஈயத்தை நாலைந்து மடங்கு உறிஞ்சும். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமைக்கும் சட்டியில் ஒருநாளும் ஈயம் உருக்காதீர்கள், அண்ணன்மாரே!

பன்றிக்கறியிலும் கவனம் வேண்டும். குண்டு பட்ட இடத்தைச் சுற்றி அரைச் சாணாவது வெட்டி எறியுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள் அங்கே இருக்கும். புளியோ வினிகரோ சேர்த்தால் இன்னும் அதிகம் கரையும். பிள்ளைத்தாய்ச்சிக்கும் குழந்தைக்கும் அந்தக் கறி வேண்டவே வேண்டாம்.

டென்மார்க் 1996-லேயே ஈய ரவையைத் தடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரியிலிருந்து நீர்நிலைப் பக்கம் அதைச் சுடக்கூடாது. நம் பிள்ளைகளைக் காக்க நாம் எந்த ஆணைக்கும் காத்திருக்க வேண்டாம்.

இந்த வாரமே அலமாரியைத் திறந்து பாருங்கள். தேவைப்படாத தோட்டாவை, அப்பா காலத்துத் தோட்டாவானாலும், உடைத்துப் பிரிக்காதீர்கள். காவல் நிலையத்துக்கு முதலில் போன் செய்து, எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டு ஒப்படையுங்கள். உதிரி ரவை இருந்தால் மூடியுள்ள டப்பாவில் போட்டு, பழைய பேட்டரி வாங்க உரிமம் உள்ளவரிடம் எடுப்பாரா என்று விசாரியுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த முறை எஃகு ரவை வாங்க நினைத்தால், உங்கள் பழைய குழல் அதைத் தாங்குமா என்று துப்பாக்கிக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்டபிறகு வாங்குங்கள்.