மக்கும் என்று எழுதியிருக்கிறது

பபிள் டீ கடையில் தோழி தன் கப்பைத் திருப்பிக் காட்டினாள். 'மக்கும்' என்று பச்சை இலைப் படத்தோடு அச்சடித்திருந்தது. "சோளத்துல செஞ்சது. குற்ற உணர்ச்சியே இல்லாம குடிக்கலாம்" என்றாள். குடித்தோம். கப்புகளைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நடந்தோம்.

அந்த வாரம்தான் அம்மாவுக்குச் சின்ன அறுவை சிகிச்சை ஒன்று முடிந்திருந்தது. "தையல் பிரிக்க வர வேண்டாம், தானா கரைஞ்சிடும்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

இரண்டும் பங்காளிகள்தான். கப் பாலிலாக்டிக் அமிலம். அம்மாவின் காயத்தில் இருந்தது போன்ற நூலை லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களைக் கோத்துச் செய்கிறார்கள். ஆட்டுக் குடலிலும் மாட்டுக் குடலிலும் திரித்த நூலின் இடத்தை 1970களில் இந்தச் செயற்கை நூல்கள் பிடிக்கத் தொடங்கின. உடலின் ஈரம் அந்த நீண்ட மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. மூன்று வாரத்தில் நூலின் பலம் ஏறக்குறையப் பாதி. அதற்குள் தோல் தானே பிடித்துக்கொள்ளும். 56 முதல் 70 நாளில் நூலே இருக்காது. மறைவதற்கு நாள் குறித்து வைத்த பொருள்! எனக்கு இது இன்னமும் ஆச்சரியம்தான்.

கப்பின் கதை வேறு. அது மக்க வேண்டுமென்றால் 60 டிகிரி செல்சியஸ் அளவு சூடும் ஈரமும் நுண்ணுயிர்களும் உள்ள தொழிற்கூட உரக்கிடங்கு வேண்டும். கடலில் விழுந்தால் வருஷக்கணக்கில் கிடக்கும். சிங்கப்பூரில் நாம் தொட்டியில் போடுவது எரியாலைக்குப் போகிறது, சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. மக்குவதற்கு அதற்கு வாய்ப்பே தருவதில்லை.

அப்படியென்றால் கப்பில் எழுதியிருந்தது பொய்யா? இல்லை. அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. நிபந்தனையோடு கூடிய உண்மை அது, நிபந்தனையை மட்டும் அச்சடிக்கவில்லை. 'சூழ்நிலை சரியாக இருந்தால் நான் நல்லவன்' என்று நம்மில் யார்தான் சொல்ல முடியாது?

நூலைச் செய்தவருக்கு அது எங்கே இருக்கப்போகிறது என்று தெரியும்: 37 டிகிரி, ஈரம், மேலே ஒரு மருத்துவரின் கண். கப்பைச் செய்தவருக்கு அது கைமாறிய பிறகு எங்கே போகும் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

கப்புக்கு ஆதரவாகவும் ஒன்று உண்டு. எரிந்தாலும் அது வெளிவிடுவது செடி அண்மையில் காற்றிலிருந்து எடுத்த கரியைத்தான், பூமிக்கடியில் கிடந்த எண்ணெயை அல்ல. ஆனால் சோளம் விளைய நிலமும் உரமும் வேண்டும். தோழி அன்று மகிழ்ந்ததும் கரிக் கணக்குப் பார்த்து அல்ல.

2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள். அந்த 5 காசு சின்னதாகக் குத்தும். 'மக்கும்' என்ற சொல் செய்வது நேர்மாறான வேலை. இருந்த குத்தலையும் பிடுங்கி எடுத்துவிடுகிறது. வீசிய கணத்திலேயே மன்னிப்பும் கிடைத்துவிடுகிறது. அதை யார் சார்பில் யார் வழங்கினார்கள்?

தோழியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ டீயே குடிக்கக்கூடாதா?" என்றாள்.

"குடிக்கலாம். அந்த இலைப் படத்தைப் பார்த்து நிம்மதியாகாம குடிக்கலாம்."

"உன்கூட வந்தா ஒரு டீகூட நிம்மதியா இறங்காது" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றாள்.