தளராத மனம் எங்கிருந்து வருகிறது?

துன்பத்தில் தளராதிருப்பது தனிமனிதனின் மனவலிமையை மட்டும் பொறுத்ததா? பிரித்தானியாவில் 30 இலட்சத்திற்கும் அதிகமானோர் வேலையற்றிருந்த 1986ஆம் ஆண்டில், பீற்றர் கேப்ரியல் 'டோன்ற் கிவ் அப்' என்னும் றொக் பாடலை வெளியிட்டார். அதிலே, வேலை தேடிச் சோர்ந்தவன் தன்னை எவருக்கும் வேண்டாதவனாக எண்ணிப் புலம்புகிறான். கேற் புஷ்ஷின் குரலில் ஒரு பெண் மறுமொழி சொல்கிறாள். அவள் வேலைக்கு வழி காட்டவில்லை, அவனைக் குறைகூறவுமில்லை. அவனுக்கென்று மனிதர் உண்டு என்பதையே நினைவூட்டுகிறாள். பாடல் முடியும்போதும் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. ஆயினும் அவன் தனியனல்லன்.

'தைரியமாயிரு' என்று கூறிவிட்டு அகல்வது எளிது. அருகில் நிலைத்திருப்பதே கடினம். வேலையற்ற மகனிடம், "இன்னும் ஒன்றும் சரிவரவில்லையோ?" என்று கேட்குமுன் இதனைச் சிந்திப்போமாக. அவனது விடாமுயற்சியில் நமக்கும் பங்குண்டு.