சுருதி இறக்கிய பாட்டு

கோவளத்தைத் தாண்டினால் மாமல்லபுரம் வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வார இறுதிக்கு வாடகைக்கு விடும் வீடுகள் நிறைய வந்துவிட்டன. எண்பதாம் கல்யாணம், அக்கா தங்கைகள் பிள்ளைகுட்டிகளோடு கூடும் ஒரு சனிக்கிழமை என்று போவதற்கு ஏதாவது காரணம் இருக்கும். கடலில் கால் நனைத்து, வஞ்சிரம் வறுத்துச் சாப்பிட்டு முடித்ததும் ஸ்பீக்கரும் மைக்கும் ஒன்றாய்ச் சேர்ந்த கரோக்கிப் பெட்டி வெளியே வரும். பேரப்பிள்ளைகள் கத்தித் தீர்த்த பிறகு யாராவது சொல்வார்கள்: “பெரியம்மாவுக்கு ஒரு பழைய பாட்டு போடுடா.”

அந்தப் பையன் போடுவது பெரும்பாலும் இளையராஜா. அவனுக்கு அது பழசுதான். ஆனால் இளையராஜாவின் ‘அன்னக்கிளி’ வந்த 1976இல், இன்று எழுபத்தைந்தைத் தொட்ட பெண்ணுக்கு வயது இருபத்தைந்து. இடுப்பில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, அடுப்பில் உலை. அந்தப் பாட்டுகளை அவர் வேலைக்கு நடுவே காதில் வாங்கியிருப்பார், அவ்வளவுதான். அவர் பாட்டை மனப்பாடம் செய்த வயது அதற்கும் பத்தாண்டு முந்தையது. முதியவர்களிடம் பழசை நினைவுகூரச் சொன்னால், பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான காலம்தான் மற்றக் காலங்களைவிட அடர்த்தியாக மேலே வருகிறது என்று உளவியலாளர்கள் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். பாட்டு விஷயத்தில் அந்த உச்சம் இன்னும் முன்னதாக, பதின்ம வயதிலேயே வந்துவிடுகிறது. ஆகவே பிறந்த வருடத்தோடு பதினைந்தைக் கூட்டினால் போதும். 1949இல் பிறந்தவருக்கு 1964: ‘கர்ணன்’, ‘புதிய பறவை’, ‘படகோட்டி’. இன்னும் மூத்தவர் என்றால் ‘கல்யாணப் பரிசு’, ‘பாசமலர்’ பக்கம் போக வேண்டும்.

இந்தப் பெட்டி எங்கே பிறந்ததோ, அந்த ஜப்பானிலும் இதே கணக்குதான். அங்கே முதியோர் இல்லங்களில் கரோக்கி சாதாரணமான பொழுதுபோக்கு. பாடுகிறவர்களில் நிறையப் பேர் பாட்டிகள். போர் முடிந்து சாம்பலாய்க் கிடந்த ஊர்களில் நமிகி மிச்சிகோவின் குரலில் ஒலித்த ஆப்பிள் பாட்டு அவர்களில் மூத்தவர்களுக்கு. 1961இல் கியூ சகமோதோ பாடி, 1963இல் ‘சுகியாகி’ என்று சம்பந்தமே இல்லாத ஒரு சாப்பாட்டுப் பெயரைச் சுமந்துகொண்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு அடுத்த தலைமுறைக்கு. எல்லோருக்கும் பொதுவாக மிசோரா ஹிபாரி. 1937இல் பிறந்து, சிறுமியாகவே மேடையேறி, 1989இல் மறைந்த அவர் அங்கே நம் சுசீலாவும் சுந்தராம்பாளும் சேர்ந்த மாதிரி ஓர் ஆள்.

கரோக்கி பிறந்த கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கோபே நகரத்து மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாடும்போது பின்னணி வாசித்துப் பிழைத்தவர் தைசுகே இனோவே. தாளம் தவறிப் பாடுகிறவரை அவர் திருத்த மாட்டார். தவறுகிற இடத்துக்குத் தானும் கூடவே போய்விடுவார். ஒரு கம்பெனி முதலாளிக்கு இனோவே வாசித்தால்தான் பாட்டு வரும். அவர் வெந்நீர் ஊற்றுக்குப் பயணம் போகும்போது கூட வரச் சொன்னார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த ஆளின் குரலுக்கு ஏற்றபடி வாசித்து ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். 1971இல் அதையே காசு போட்டால் ஓடும் பெட்டியாக்கி, பதினொன்று செய்து வாடகைக்கு விட்டார். காப்புரிமை வாங்கவில்லை என்பது தனிக் கதை. பாடத் தெரியாதவரோடு ஒத்துப்போவதற்காகப் பிறந்த கருவி இது என்பதைப் பாட்டுப் போட்டிகளைப் பார்த்துப் பழகிப்போன நாம் மறந்துவிட்டோம்.

அதனால்தான் பி. சுசீலாவின் பாட்டை அவர் பாடிய சுருதியிலேயே போட்டு, எழுபத்தைந்து வயதுக்காரரிடம் மைக்கை நீட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல்நாண் தடிக்கிறது, குரல் இறங்குகிறது. ஐந்தரைக் கட்டையில் பாடியவர்கள் மூன்று, நான்குக்கு வந்துவிடுவார்கள். சரணத்தில் மேலே போகிற இடம் வந்ததும் குரல் கிழியும், சுற்றி இருப்பவர்கள் சிரிப்பை அடக்குவார்கள், பெரியம்மா “எனக்கு எங்கடா வருது” என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மூன்று படி சுருதியை இறக்க ஒரு பொத்தான் போதும். அது இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. இன்னொரு கூத்து, திரையில் ஓடும் வரிகள் ஆங்கில எழுத்தில் இருப்பது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அது என்னத்துக்கு? நல்லவேளையாக, இந்தப் பெண்களுக்கு வரிகள் தேவைப்படுவதில்லை.

அவர்கள் மனப்பாடம் செய்த விதம் அப்படி. வானொலிப் பெட்டி தெருவுக்கு ஒன்றோ இரண்டோ இருந்த காலம். ஊராட்சி வானொலி சாயங்காலம் குழாயில் கத்தும். கோயில் திருவிழா என்றால் தென்னைமரத்தில் கட்டிய ஒலிபெருக்கி. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இந்தக் கரை முழுக்கக் கேட்கும், அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பிறகு சொந்தக்காரர்கள்போல் ஆனார்கள். நினைத்தபோது திரும்பக் கேட்க வழியில்லாததால், வந்தபோதே முழுதாக வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இடையிசையில் வயலின் எத்தனை சுற்று வரும், எங்கே மூச்செடுக்க வேண்டும் என்பது வரை அவர்களிடம் இருக்கிறது.

எல்லாம் உள்ளே போயிற்று. வெளியே வர வழி இருந்ததா? கௌரவம் பார்க்கும் வீடுகளில் இருக்கவில்லை. கொலுவுக்கு வந்த இடத்தில் அம்மன் பாட்டு ஒன்று பாடலாம். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டால் பாடலாம். கல்யாணம் முடிந்த பிறகு அந்தப் பாட்டை யாரும் கேட்க மாட்டார்கள். சினிமாப் பாட்டைக் கூடத்தில் நின்று வாய்விட்டுப் பாடினால் “கூத்தாடிப் பொண்ணா நீ?” என்று ஒரு குரல் வரும், அதுவும் பெரும்பாலும் பாட்டியின் குரலாகவே இருக்கும். அடுப்படியில் முணுமுணுப்பதற்கு மட்டும் தடையில்லை. பின்னணி பாடும் பெண்களுக்கான தேசிய விருது முதன்முதலில் 1968ஆம் ஆண்டுக்காகக் கொடுக்கப்பட்டபோது அதைப் பெற்றவர் சுசீலா, ‘உயர்ந்த மனிதன்’ படத்துக்காக. அவர் குரலை வீட்டுக்குள் விட்டவர்கள்தான் வீட்டுப் பெண்ணின் குரலை அடுப்படியோடு நிறுத்தினார்கள்.

எல்லாப் பெண்களுக்கும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். மதுராந்தகம் ஏரி பாயும் வயல்களில் நாற்று நட்ட பெண்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் பாடினார்கள். இழவு வீட்டில் ஒப்பாரி வைக்க அவர்களைத்தான் தேடிப் போனார்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால், செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்து வரும் இருளர் குடும்பங்களைப் பார்க்கலாம். புடவையையும் தார்ப்பாயையும் கட்டிக் குடில் போட்டு, நிலா வெளிச்சத்தில் மணலிலேயே இரவைக் கழித்து, விடியற்காலை பாட்டும் ஆட்டமுமாய்க் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கல்யாணங்கள்கூட அங்கேயே நடக்கும். அங்கே கிழவிகள் முன்வரிசைக்காரர்கள். நடவுப் பெண்களுக்கு நேர்ந்தது வேறு: வயல் மனைக்கட்டானது, நடவு இயந்திரத்துக்குப் போனது, பாட்டுக்கு இடமில்லாமல் போனது. குரலை யாரும் அடக்கவில்லை, நிலம் கையைவிட்டுப் போயிற்று. இந்த இரண்டு இழப்பையும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் சொல்ல வந்தது என் அத்தை மாதிரியானவர்களைப் பற்றி. ஒரு குடும்பக் கூடலில் மேலே சொன்ன கணக்கையெல்லாம் போட்டு, சுருதியும் இறக்கி, சுசீலா பாட்டு ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:

“இது எதுக்குடா? ‘படகோட்டி’ இருக்கா?”

“இருக்கு அத்தை. சுசீலாம்மா பாடினதுதானே?”

“இல்லடா. டி.எம்.எஸ். பாடினது. மீனவங்க பாட்டு.”

பெட்டியில் டி.எம். சௌந்தரராஜன் குரலும் சேர்ந்து வந்தது. பல்லவி பாதியில் அத்தை கையைத் தூக்கினார். “அவரை நிறுத்து. நான் பாடறேன் இல்ல?” குரலை நீக்கினேன். பாடினார். இறங்கிப்போன அவர் குரலுக்கு அந்த ஆண் பாட்டின் சுருதி, ஒரே ஒரு படி ஏற்றியதும், அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. முடித்ததும் எல்லோரும் கைதட்டினோம். என் தங்கை, “சின்ன வயசு ஞாபகம் வந்துடுச்சா அத்தை?” என்றாள்.

“சின்ன வயசுல எங்கடி பாடினேன்?” என்றார்.

பிறகு கவனித்துப் பார்த்தேன். இந்த வயதுப் பெண்கள் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கும்போது அடிக்கடி ஆண்கள் பாடியதைக் கேட்கிறார்கள். யோசித்தால் அதில் ஆச்சரியமில்லை. அந்தக் காலப் படங்களில் பெண் பாடிய பாட்டு பெரும்பாலும் காதலனுக்கு, கணவனுக்கு, குழந்தைக்கு, கடவுளுக்கு. உலகத்தைப் பற்றி, பசியைப் பற்றி, வாழ்க்கையின் நியாயத்தைப் பற்றிப் பேசிய பாட்டெல்லாம் கண்ணதாசனும் வாலியும் எழுதி சௌந்தரராஜன் வாய்க்குப் போயிற்று. ஜப்பானிலும் ஹிபாரி 1964இல் ‘யவாரா’ என்று ஒரு ஜூடோ வீரனின் பாட்டை ஆண் வேடத்தில், கனத்த குரலில் பாடினார். மறுவருடம் அந்நாட்டின் இசைத்தட்டு விருதுகளில் பெரிய விருது அதற்குத்தான் கிடைத்தது.

இதையெல்லாம் நாம் பழைய நாள் ஏக்கம் என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். 1964க்குத் திரும்பிப் போக எந்த அத்தைக்கு ஆசை இருக்கும்? கிணற்றில் தண்ணீர் சேந்தி, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, அண்ணனுக்குத் துணி துவைத்துப் போட்ட வருடம் அது. அதிலிருந்து அவருக்கு வேண்டியது பாட்டு மட்டும். பாட்டுதான் பழையது, பாடுவது இன்றுதான் முதல்முறையாக நடக்கிறது. அறுபது வருடம் உள்ளேயே இருந்து, குரல் மாறி, புருஷனும் போய், ‘கூத்தாடி’ என்று சொல்ல வீட்டில் மூத்தவர் யாரும் மிச்சமில்லாத ஒரு வயதில் அது வெளியே வருகிறது. எதிரே உட்கார்ந்து நாம் பார்ப்பது நினைவுகூரலை இல்லை, ஓர் அரங்கேற்றத்தை. அப்படித் தெரிந்துகொண்டால் கைதட்டும் விதமும் மாறுகிறது. “இந்த வயசுலயும் பாருங்களேன்” என்ற இரக்கம் நின்றுவிடுகிறது. சரணத்தில் தாளம் விட்டதைச் சொல்லலாம் போலிருக்கிறது, புதிதாகப் பாட வந்த எவரிடமும் சொல்வதுபோல.

அத்தையிடம் சொன்னேன். முறைத்தார். பிறகு அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பிய பின் ஒருநாள் போன் வந்தது. பெட்டி என்ன விலை என்று விசாரித்தார். மகனிடம் கேட்காமல் என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கும், நான் கிளறவில்லை. சின்னதாக, தான் தனியாகத் தூக்குகிற மாதிரி வேண்டும் என்றார். சுருதிப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னார்.