கண்ணுக்குள் வைக்கும் வில்லையின் விலை

கண்புரை அறுவை சிகிச்சையில், மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமுள்ள செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்துகிறார்கள். விரல்நுனியில் வைத்தால் மீன்செதில்போல இருக்கும். இரு பக்கமும் மயிரிழையாக வளைந்த இரண்டு கைகள். 1980களில் இது வெளிநாட்டிலிருந்து வந்தது. வாங்க வசதியில்லாதவர்களுக்குப் புரையை மட்டும் எடுத்து, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கண்ணாடி உடைந்தால் மறுபடியும் தடுமாற்றம்தான். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை அமைத்து வில்லையைத் தானே செய்யத் தொடங்கியது. விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக இறங்கியது.

ஒரு கருவிக்கு எது நியாய விலை? கருவியைத் தனியே பார்க்காமல் அறுவை சிகிச்சையின் மொத்தச் செலவோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். இதில் உண்மை உண்டு. குடலை இணைக்கும் ஸ்டேப்ளர், தையல் நூலைவிட விலை கூடியது. ஆனால் தியேட்டர் நேரம் மிச்சமாகும். மலிவான செயற்கை மூட்டு சீக்கிரம் தேய்ந்து மறுபடி கத்தி வைக்க நேர்ந்தால் அது மலிவே அல்ல.

ஆனால் யாருடைய மொத்தம்? மிச்சமான நேரம் மருத்துவமனையின் கணக்கில் சேர்கிறது. ஸ்டேப்ளரின் விலை நோயாளியின் பில்லில் ஏறுகிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்ப்பவர் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது திருக்குறள். அந்த நான்காமவர் இழந்த கூலி எந்த பில்லிலும் இல்லை.

மொத்தக் கணக்கு நோயாளிக்குத் துணையாகும் இடமும் உண்டு. 2017 பிப்ரவரியில் இந்திய அரசின் மருந்து விலை ஆணையம், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. ஸ்டென்ட் விலை இறங்கியதும் அறை வாடகையும் மற்றக் கட்டணங்களும் ஏறினால் நோயாளிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அங்கே முழு பில்லையும் கேட்பதுதான் நியாயம்.

இந்தக் கணக்கின் பெரிய ஓட்டை, அறுவைக்கே வராதவர். விலையைக் கேட்டுத் திரும்பிப் போனவருக்குத் தியேட்டர் செலவில்லை, படுக்கைச் செலவில்லை. ஏட்டில் அவர் பூஜ்யம். வீட்டில் சுவரைத் தடவி நடக்கும் அவருக்கும், அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போகப் பள்ளிக்கூடத்தை விட்ட பேரனுக்கும் ஆகும் இழப்பைச் சேர்த்தால்தான் மொத்தம் என்ற சொல் பொருந்தும். அப்படிச் சேர்க்கும்போது, வில்லையின் விலை மொத்தத்தில் சிறு பங்குதானே என்ற வாதம் நிற்பதில்லை. அவரை வாசலோடு திருப்பி அனுப்பியதே அந்தச் சிறு பங்குதான்.