எர்த் எங்கே?

டேங்கைக் கழற்றினால்தான் காயில்கள் இருக்கும் இடம் தெரியும். சேஸின் நடுக்குழாயை ஒட்டி இரண்டு இக்னிஷன் காயில்கள். இரண்டுக்கும் சாவியிலிருந்து வருவது சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒரே வயர். அங்கிருந்து இடது பாயிண்ட்டுக்கு ஆரஞ்சு, வலது பாயிண்ட்டுக்குச் சாம்பல். இவற்றை மாற்றிக் கொடுத்தால் வண்டி கிளம்பாது. ராஜ்தூத் 350 பைக்கில் ஒரு பிஸ்டன் மேலே ஏறும்போது மற்றது கீழே இறங்கும். வயர் மாறினால் தீப்பொறி வேண்டாத நேரத்தில் விழும். இதையெல்லாம் நோட்டில் வரைந்துகொண்டு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து வயரிங் செய்தேன். கிக்கரை உதைத்தால் ஒரு தும்மல்கூட இல்லை.

வண்டி என் பெரியப்பா மகனுடையது. யமஹாவோடு சேர்ந்து எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் கொண்டுவந்த மாடல். அண்ணன் அதை வாங்கிய புதிதில் முத்தியால்பேட்டைத் தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. அதனால் வண்டி வாங்கிய பிறகு அண்ணன் பாரிசுக்குப் போனான், நான் இங்கே இருந்தேன். வண்டி கொல்லைப்புறத்தில் நின்றது. எங்கள் ஊர்க் கடற்காற்று எதையும் விட்டுவைக்காது. வயரின் ரப்பரைச் சீவினால் உள்ளே செம்புக் கம்பி பச்சைக் களிம்பேறிப் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அதனால் எல்லாவற்றையும் புதிதாகவே செய்தேன். டேங்கும் சீட்டும் என் விருப்பப்படி அடித்து வாங்கியவை. சேஸுக்குக் கறுப்பில் பவுடர் கோட்டிங், எஞ்சினுக்கும் பெயிண்ட். வயரிங்கைத் தலையிலிருந்து வால் வரை நானே கட்டினேன். பழைய வயரிங்கில் எங்கும் ஓடிய ஒரு கறுப்பு வயரைத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். இரும்போடு இரும்பு முடுக்கியிருக்கிறதே, போதாதா என்று நினைத்தேன்.

காயில் செய்கிற வேலை பெரிய வேலை. உள்ளே தடித்த கம்பியில் சில நூறு சுற்று, அதன்மேல் மயிரிழைக் கம்பியில் பல்லாயிரம் சுற்று. பாட்டரியின் 12 வோல்ட்டில் தடித்த கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். பாயிண்ட் திறந்து அந்த ஓட்டம் சட்டென்று அறுபடும் கணத்தில், மெல்லிய கம்பியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பிப் பிளக்கில் பொறியாகத் தெறிக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடுகிற எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நொடிக்கு 50 முறை இது நடக்கும். இவ்வளவு பெரிய வேலை செய்கிறதே, கோளாறு இதில்தான் இருக்கும் என்று இரண்டு காயிலையும் மாற்றினேன். கண்டென்சரையும் மாற்றினேன். மாற்றம் ஒன்றுமில்லை.

நெல்லித்தோப்பில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். நோட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

“கரண்டு போற வழியெல்லாம் சரியா போட்டிருக்க தம்பி. திரும்பி வர்ற வழி எங்க? எர்த் எங்க?”

கையளவு வயர் ஒன்றை எடுத்தார். ஒரு முனையைப் பாட்டரி மைனஸில் வைத்துக்கொண்டு, மறுமுனையைச் சிலிண்டர் ஃபின்னில் பெயிண்ட் உரிந்திருந்த ஓரத்தில் அழுத்தினார். “உதை” என்றார். இரண்டாவது உதையில் வண்டி உயிர்பெற்றது. வயரை எடுத்தார், நின்றது.

“எல்லாப் பக்கமும் வழவழன்னு பெயிண்ட் அடிச்சு வச்சிருக்க. புடிக்காது. சுரண்டு.”

மாதக் கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையைச் சுரண்டக் கை வரவில்லை. உப்புத்தாளை மடித்து, பாட்டரி மைனஸ் வந்து சேரும் இடத்தில் சேஸைத் தேய்த்தேன். கறுப்பு மாவாக உதிர்ந்தது. அடியில் வெள்ளையாக, இன்னும் துருவேறாத இரும்பு. பத்து ரூபாய் நாணயத்தளவு இடம். எஞ்சினிலும் அதேபோல் ஒரு இடம். இரண்டுக்கும் நடுவே கறுப்பு வயரை வைத்து முடுக்கினேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. திரும்பி வரும் வழி எங்கே என்று மெக்கானிக் கேட்டது அண்ணனை நினைவூட்டியது. அண்ணனும் நானும் சண்டை போட்டதே கிடையாது. வீட்டுப் பாகம் பிரித்தபோது அவன் மனம் நொந்தது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, பிறந்தநாளுக்கு ஒரு படம், “எல்லாரும் சௌக்கியமா” என்று ஒரு வரி. பதினோரு வருடமாக எங்களுக்குள் இருந்தது வழவழப்பு மட்டும்தான். மரியாதை குறையக்கூடாது என்று நான் காத்துவந்ததுதான் எங்களுக்கு நடுவே ஒன்றும் பாயாமல் தடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். நான் அனுப்பிக்கொண்டே இருந்தேன். அவனிடமிருந்து ஏதாவது திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்த்ததில்லை. உறவில் கனிவு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பெயிண்ட் இல்லாவிட்டால் இந்த ஊரில் இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. ஆனால் இரண்டு பேர் ஒட்ட வேண்டிய அந்த ஒரு இடத்தில் பூச்சு இருக்கக் கூடாது. அந்த இடத்தைச் சுரண்டத்தான் வேண்டும், வலிக்கத்தான் செய்யும்.

மறுநாள் கூப்பிட்டேன். “அண்ணா, பாகம் பிரிச்சப்ப உனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சில்ல?” என்றேன். அவன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு மணி நேரம் பேசினான். பாதி கோபம், பாதி அழுகை. குறுக்கே பேசாமல் கேட்டேன். கடைசியில்தான் வண்டியைப் பற்றிக் கேட்டான். போனை சைலன்சர் பக்கம் வைத்துக் கிக்கரை உதைத்தேன்.

மார்கழியில் வருகிறான். காலாப்பட்டு வரை அவன்தான் ஓட்டுவான், நான் பின்னால் உட்காருவேன்.

சுரண்டிய இடத்தில் வாஸ்லைன் தடவி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அந்த போல்ட்டைக் கழற்றிப் பார்க்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கிளம்பவில்லை என்றால் காயிலுக்குக் காசைக் கொட்டுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். பாட்டரி மைனஸிலிருந்து எஞ்சினுக்கு ஒரு வயரைத் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.