உப்பும் மாத்திரையும்

அறிவாற்றல் இறைவன் ஈந்த கொடை. அதனை வேதிப்பொருள் கொண்டு பெருக்குவது தகுமா? மருத்துவரிடம் மட்டும் எழுந்த இவ்வினாவை இன்று பெற்றோரும் மாணவரும் எதிர்கொள்கின்றனர்.

இயற்கைக்கு மாறானது என்று ஒரே சொல்லில் இதனை ஒதுக்கிவிட நம்மால் இயலாது. நாம் நாள்தோறும் உண்ணும் உப்பையே எண்ணிப் பார்ப்போம். அயோடின் இன்றேல் தைராய்டு சுரப்பி தன் பணியைச் செய்யாது. தாய்க்கு அது மிகக் குறைந்தால் கருவிலுள்ள குழந்தையின் மூளை செம்மையாக வளராது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவதோ 150 மைக்ரோகிராம்தான். 1956-இல் இமயத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழுத்துக்கழலை குறைவதைக் காட்டிற்று. 1962-இல் நாடு தழுவிய திட்டம் பிறந்தது. பார்க்கின்சன் நோயாளிக்குத் தரப்படும் லெவோடோபாவும் இத்தகையதே. மூளைக்குள் சென்று டோபமினாக மாறி, நடுங்கும் கைக்கு உறுதி தருகிறது. குறைந்ததை நிறைவாக்கும் இப்பணி, நோயாளரைத் தொட்டு நலமளித்த ஆண்டவரின் பணியோடு இசைந்தது.

ஆனால், கவனக்குறைபாட்டு நோயுள்ள சிறாருக்கான மெத்தில்பெனிடேட் மாத்திரையை, அந்நோய் இல்லாத மாணவர் சிலர் தேர்வுக்காக விழுங்குகின்றனர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது பலரும் அறிந்த செய்தி. உறக்கமின்மை, படபடப்பு, அடிமைப்படும் அபாயம் ஆகியவை உடன் வருகின்றன. “காப்பியும் ஊக்கப்பொருள்தானே?” என்பர். உண்மைதான், பொருளை மட்டும் வைத்து அறத்தை அளக்க இயலாது. நோக்கத்தையும் விளைவையும் காண வேண்டும். அயோடின் உப்பினால் ஒருவர் பெறும் நலம் மற்றவரைப் பின்தள்ளுவதில்லை. முந்துவதற்காக உண்ணும் மாத்திரையோ, உண்ணாதவனைப் பின்தள்ளுகிறது. எல்லாரும் உண்டால் எவரும் முந்துவதில்லை, மறுப்பவனின் சுதந்திரமோ பறிபோகிறது.

1952-இல் நரம்பியல் அறிஞர்களிடம் உரையாற்றிய திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், மனிதன் தன் உடலுக்கும் உள்ளத்துக்கும் முழு உரிமையாளன் அல்லன் என்று தெளிவுபடுத்தினார். நாம் கண்காணிப்பாளரே.

தாலந்து உவமையை நினைவுகூர்வோம். ஐந்து பெற்றவனும் இரண்டு பெற்றவனும் தலைவனிடமிருந்து ஒரே பாராட்டைப் பெற்றனர். இரண்டு பெற்றவனை, ஏன் ஐந்து இல்லை என்று தலைவன் கேட்கவில்லை. நம் பிள்ளைகளிடம் அக்கேள்வியைக் கேட்பவர் யார்? மாத்திரையைப் பற்றித் தீர்ப்பிடுமுன், பெற்றோராகிய நாம் இதற்கு விடை தேடுவோம்.